ஆடியில் மாற்றிய கார்டு: 1060-லிருந்து 5060-க்கு

கல்யாண வீடியோ எடிட் செய்கிறவர்களுக்குக் கம்ப்யூட்டரைப் பிரித்துப் போட ஆடி, மார்கழி என்று இரண்டே மாதம்தான். புரட்டாசியை நம்ப முடியாது, பாதிப் பேர் கல்யாணம் வைத்துவிடுவார்கள். மற்ற மாதங்களில் மெஷின் ஒரு நாள் படுத்தால் பெண் வீட்டார் போட்டோகிராபரைத் திட்டுவார்கள், அவர் என்னைத் திட்டுவார். அதனால் எட்டு வருஷம் உழைத்த என் ஜி.டி.எக்ஸ் 1060 கிராபிக்ஸ் கார்டை இந்த 2025 ஆடியில்தான் கழற்றினேன். ஆர்.டி.எக்ஸ் 5060 போட்டு, ஆவணி முகூர்த்தங்கள் முழுவதையும் அதில் ஓட்டிப் பார்த்துவிட்டு இதை எழுதுகிறேன்.

1060 மேல் எனக்குக் கோபமே கிடையாது. 2017-ல் வாங்கியது, 6 ஜிபி மெமரி. எச்.டி. காலத்தில் ராஜா மாதிரி ஓடியது. சிக்கல் கார்டில் இல்லை, கேமராவில் வந்தது. நான் மயிலாடுதுறையில் வீட்டிலிருந்தே மூன்று போட்டோகிராபர்களுக்கு எடிட் செய்து கொடுக்கிறேன். மூன்று பேருமே ஒருவர் பின் ஒருவராக சோனி ஏ7 நாலுக்கு மாறினார்கள். 4கே, 10 பிட், 4:2:2 என்று ஹார்ட் டிஸ்க் நிறையக் கொண்டுவந்து கொட்டினார்கள்.

இந்த 4:2:2 என்ன என்று தெரிந்துகொள்ளவே எனக்கு ஒரு வருஷம் ஆனது. செல்போனும் சாதாரணக் கேமராவும் 4:2:0-வில் எடுக்கும். அதாவது வெளிச்சத்தை ஒவ்வொரு பிக்சலுக்கும் குறித்துக்கொள்ளும், நிறத்தை நாலு பிக்சலுக்கு ஒன்று என்று குறிக்கும். 4:2:2-வில் இரண்டு பிக்சலுக்கு ஒரு நிறம். அரக்குக் கூறைப்புடவை மேல் மண்டபத்து எல்.ஈ.டி. விளக்கு அடிக்கும்போது கலர் கரெக்‌ஷனில் கூடுதலாக விளையாட முடிவது இதனால்தான். ஆனால் 1060-க்குள் இருக்கும் வீடியோ டீகோடருக்கு, அதாவது சுருக்கிவைத்த வீடியோவை விரித்துப் படிக்கும் பகுதிக்கு, 4:2:2 தெரியவே தெரியாது. வேலை முழுவதும் பிராசசர் தலையில் விழும். என் ரைசன் 5 2600 பாவம், 2018 சரக்கு. டைம்லைனில் மாலை மாற்றுகிறார்கள் என்றால், மாப்பிள்ளை கை தூக்கி அப்படியே நிற்பார். அடுத்து பார்த்தால் மாலை பெண் கழுத்தில் இருக்கும். நடுவில் ஒன்றும் தெரியாது. ராத்திரி முழுவதும் ப்ராக்ஸி, அதாவது எடிட்டுக்கு மட்டும் லேசான நகல், போட விட்டுவிட்டுத் தூங்குவேன். ஃபேன் சத்தத்தில் அம்மா கதவைச் சாத்திக்கொள்வார்கள்.

என் தம்பி திருச்சியில் இருக்கிறான். கேம் பைத்தியம். ஆர்.டி.எக்ஸ் 4060 வைத்திருக்கிறான். "அக்கா, கண்ணை மூடிக்கிட்டு 4060 வாங்கு, கரண்டும் கம்மியாத்தான் இழுக்கும்" என்று ஒரு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். ஆடிப்பெருக்குக்கு வரும்போது அதைக் கழற்றிப் பையில் போட்டே கொண்டுவந்துவிட்டான். என் மெஷினில் மாட்டினோம். எஃபெக்ட் போட்ட இடங்கள் பறந்தன. சோனி கிளிப்பை வைத்தால் மாப்பிள்ளை மறுபடியும் கை தூக்கி நின்றார். அப்புறம்தான் உட்கார்ந்து கார்டு கம்பெனி என்விடியாவின் அட்டவணையைப் படித்தோம். 4:2:2-வை நேரடியாகப் படிக்கும் டீகோடர் 50 வரிசையில்தான் வந்திருக்கிறது. 40 வரிசையில் எவ்வளவு காசு போட்டாலும் கிடையாது, 4090-ஆக இருந்தாலும்.

இன்டெல் பிராசசருக்கு மாறினால் போதாதா என்று எடிட் செய்கிற தோழி கேட்டாள். நல்ல கேள்விதான். அவளிடம் இருப்பது போன்ற இன்டெல்லின் உள் கிராபிக்ஸ் 4:2:2-வைப் படிக்கும், ஆனால் எச்.265 என்ற புதிய சுருக்கும் முறையில் எடுத்திருந்தால்தான். எங்கள் ஆட்கள் எடுப்பது எக்ஸ்.ஏ.வி.சி. எஸ், அது பழைய முறையான எச்.264. அவளுடைய பன்னிரண்டாம் தலைமுறை இன்டெல்லில் என் கிளிப் திக்கித் திணறியதை நானே பார்த்தேன்.

மறு வாரம் ரயிலேறி சென்னை ரிச்சி ஸ்ட்ரீட். ஞாயிறு பெரும்பாலும் அடைப்பு என்பதால் செவ்வாய்க்கிழமை போனேன். முதலில் நுழைந்த கடையில், "எடிட்டிங்குக்கா மேடம்? அப்ப 4060 டி.ஐ. எடுத்துக்குங்க, 5060-ஐ விட அதுதான் வெயிட்டு" என்றார் பையன். 4:2:2 என்று கேட்டேன். "எல்லாமே வரும் மேடம்" என்றார். அதோடு, 750 வாட்ஸ் எஸ்.எம்.பி.எஸ். (கம்ப்யூட்டருக்குள் கரண்ட் கொடுக்கும் பெட்டி) வாங்காவிட்டால் வாரண்டி செல்லாது என்று ஒரு குண்டு. கார்டுக்கு என்விடியா சொல்வதே 550 வாட்ஸ்தான், என்னிடம் இருப்பதும் 550. கும்பிடு போட்டுவிட்டு எதிர்ச் சந்துக்குப் போனேன். அங்கே ஒரு பெரியவர் எதுவும் பேசவில்லை, பில் போட்டார். இரண்டு ஃபேன் மாடல், மூன்று வருஷ வாரண்டி, 32,500 ரூபாய்.

மாட்டுவது அரை மணி நேர வேலை. பழைய கார்டு 6 பின் கேட்டது, இது 8 பின் கேட்கிறது. எஸ்.எம்.பி.எஸ். ஒயரில் தனியாக ஆடிக்கொண்டிருந்த அந்த இரண்டு பின்னுக்கு எட்டு வருஷம் கழித்து வேலை வந்தது. பழைய டிரைவரை (கார்டை இயக்கும் சாஃப்ட்வேர்) டி.டி.யூ. என்ற கருவி வைத்துச் சுத்தமாகத் துடைத்துவிட்டுப் புதியதைப் போட்டேன்.

எடிட்டிங் சாஃப்ட்வேர் பிரீமியரைத் திறந்து அதே கிளிப்பை வைத்தேன். மாப்பிள்ளை கை தூக்கி நின்றார்.

அன்று ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. 32,500 என்பது எனக்கு நாலு கல்யாண வேலை. தம்பி வீடியோ காலில் வந்து, "பிரீமியர் எந்த வெர்ஷன்க்கா?" என்று கேட்டான். நான் வைத்திருந்தது 2023. பழசு பழகிவிட்டது, மாற்ற மனமில்லாமல் இருந்தேன். 2025 பதிப்பைப் போட்டு, மீடியா செட்டிங்கில் ஹார்ட்வேர் டீகோடிங் டிக் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஓட்டினேன். மாலை கையிலிருந்து கழுத்துக்கு, பூவிதழ் உதிர்வது வரை, வழுக்கிக்கொண்டு போனது. டாஸ்க் மேனேஜரில் 'வீடியோ டீகோட்' என்ற கோடு முதல்முறையாக எழும்பி நின்றது. பிராசசர் நூறிலிருந்து முப்பதுக்கு இறங்கியிருந்தது.

அன்றிலிருந்து ப்ராக்ஸி போடவில்லை. ஒன்றரை மணி நேர முகூர்த்தப் படம் ஏற்றுமதியாக மூன்று மணி இருபது நிமிஷம் ஆகும். இப்போது ஒரு மணி பத்து. ஆவணியில் ஒன்பது கல்யாணம் முடித்தேன். போன ஆவணியில் ஆறுக்கே கண் சிவந்தது.

குறை இல்லாமல் இல்லை. 8 ஜிபி போதவில்லை. ராத்திரி ரிசப்ஷன் காட்சிகளுக்கு இருட்டில் புள்ளி புள்ளியாக வரும் நாய்ஸைக் குறைக்கும் பிளக்கின் போட்டு, மேலே இரண்டு லேயர் கலர் வைத்தால் மெமரி நிரம்பி எல்லாம் ஊர்கிறது. கார்டும் மதர்போர்டும் பேசிக்கொள்ளும் வழி பி.சி.ஐ.; என் பி450 போர்டில் அது பழைய 3.0, கார்டோ அதில் எட்டு லேன்தான் பயன்படுத்தும். மெமரி வழிந்து சிஸ்டம் ராமுக்குப் போகும்போது அந்தக் குறுகிய வழியில் நெரிசல் கூடும் என்று தம்பி சொன்னான். நாய்ஸ் வேலையைத் தனியாக முதலில் முடித்து எடுத்துவைத்துக்கொள்கிறேன். 5060 டி.ஐ. 16 ஜிபிதான் சரியான கார்டு. கையில் அவ்வளவு இல்லை, அவ்வளவுதான்.

அப்புறம் சில்லறைச் செலவு. புதிய கார்டில் பழைய மானிட்டர் செருகும் டி.வி.ஐ. கிடையாது, என் இரண்டாவது மானிட்டருக்கு டிஸ்ப்ளே போர்ட் மாற்றி 600 ரூபாய். 120 வாட்ஸ் இழுத்தது 145 ஆனதில், ஏற்கெனவே தளர்ந்திருந்த 600 வி.ஏ. யூ.பி.எஸ். முதல் கரண்ட் கட்டிலேயே கீச்சென்று அணைந்தது. ஏற்றுமதி பாதியில் போச்சு. புது யூ.பி.எஸ். 5,800. இதைக் கார்டு விலையோடு சேர்த்தே கணக்குப் பண்ணுங்கள்.

உங்கள் கேமரா 4:2:0 எடுக்கிறது என்றால் இதற்காக ஓடாதீர்கள், பழைய 3060 12 ஜிபி நல்ல நிலையில் கிடைத்தால் அதுவே தாராளம். 1060 வைத்திருப்பவர்களுக்கு ஒன்று: 2025 அக்டோபரோடு அதற்குப் புது கேம் டிரைவர் நிறுத்தம், 2028 வரை பாதுகாப்பு அப்டேட் மட்டும்தான் வரும். எடிட்டிங் வேலைக்கு அவசரம் ஒன்றும் இல்லை. என் 1060-ஐப் போட்டோகிராபர் ஒருவர் தன் பையனுக்காக 6,500-க்கு எடுத்துக்கொண்டார், ஆல்பம் பாக்கியில் கழித்துக்கொண்டு.

மார்கழியில் பயாஸ் அப்டேட் செய்து இதே போர்டில் ரைசன் 5700எக்ஸ் பிராசசர் போடலாம் என்று இருக்கிறேன். தம்பி பொங்கலுக்கு முன்னால் இரண்டு நாள் லீவு போடுகிறேன் என்றிருக்கிறான்.