பொண்ட் கேம்களில் எதை விளையாடலாம், எதை விடலாம்

ஜேம்ஸ் பொண்ட் படங்களை வைத்து வந்த கேம்களில் கோல்டன்ஐ 007க்குப் பக்கத்தில் வைக்க இன்னும் ஒன்றும் வரவில்லை. போன ஆவணி விடுமுறைக்கு உவர்மலையில் மாமா வீட்டில், அந்த கேம் வந்த காலத்தில் பிறந்தே இருக்காத பெடியளோடு இருந்து நிண்டெண்டோ ஸ்விட்சில் திரும்பவும் விளையாடிப் பார்த்துவிட்டுத்தான் இதைச் சொல்கிறேன். மற்றப் பொண்ட் கேம்களையும் கிடைத்த வழியில் எல்லாம் விளையாடியிருக்கிறேன். திருகோணமலையில் ஒரு காலம் மணித்தியாலக் கணக்கில் காசு வாங்கிக்கொண்டு பிஎஸ் டூ விளையாட விடும் கடைகள் இருந்தன, அங்கே கிரிக்கெட், மல்யுத்த டிஸ்க்குகளுக்கு நடுவில் நைட்ஃபயர் டிஸ்க் ஒன்றும் கீறல் விழுந்தபடி சுற்றிக்கொண்டே இருக்கும். இன்றைக்கு இந்த வரிசையில் எதற்கு நேரத்தையும் டேட்டாவையும் செலவழிக்கலாம் என்று கேட்கிற ஆட்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

கோல்டன்ஐ படம் வந்தது 1995இல். கேம் வந்தது 1997 ஓகஸ்டில், அடுத்த பொண்ட் படமே வெளியாகப் போகிற நேரத்தில். படத்தை வைத்து கேம் செய்யும் எந்தக் கொம்பனியும் இவ்வளவு பிந்தாது, படம் தியேட்டரில் ஓடும்போதே விற்றுவிட வேண்டும் என்று அவசரப்பட்டு அரைகுறையாக இறக்கிவிடும். இங்கிலாந்தில் ட்வைக்ரொஸ் என்ற கிராமத்தில் இருந்த ரேர் நிறுவனத்தில், மார்ட்டின் ஹொலிஸ் தலைமையில் ஒரு சின்னக் கூட்டம் இதைச் செய்தது, அவர்களில் பெரும்பாலான ஆட்களுக்கு இதுதான் முதல் கேம். விர்ச்சுவா கொப் மாதிரி, கேமரா தானாக நகர நாங்கள் சும்மா சுட்டுக்கொண்டு போகும் கேமாகத்தான் முதலில் யோசித்தார்களாம். நல்ல காலம், அதை விட்டுவிட்டார்கள்.

அவர்கள் இடங்களை உருவாக்கிய விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. ஆட்டக்காரன் எங்கே தொடங்குவான், எந்த வாசலால் வெளியேறுவான் என்று தீர்மானிக்காமலே முதலில் அணைக்கட்டையும் ஆய்வுகூடத்தையும் பதுங்கு குழியையும் கட்டிவிட்டு, அப்புறம்தான் காவலாளிகளையும் செய்ய வேண்டிய வேலைகளையும் அதற்குள் போட்டார்கள் என்று ஹொலிஸே சொல்லியிருக்கிறார். அதனால் ஒரு லெவலுக்குள் எங்கள் வேலைக்குச் சம்பந்தமே இல்லாத அறைகள் இருக்கும், திறந்து பார்த்தால் ஒன்றும் இருக்காது. ஃபிரெட்ரிக் கோட்டை வாசலால் நுழைந்து கோணேசர் கோயிலுக்கு நடந்து போகும்போது இரண்டு பக்கமும் இருக்கிற பழைய கட்டடங்கள், இராணுவ முகாம், மரத்தடியில் படுத்திருக்கும் மான்கள் எல்லாம் எங்களுக்காக வைத்தவை கிடையாதே, அதைப் போலத்தான் இந்த லெவல்களும். நாங்கள் வந்தாலும் வராவிட்டாலும் அந்த இடம் அங்கே இருக்கும் என்ற எண்ணம் வரும். உளவாளிக் கதைக்கு அந்த எண்ணம் கட்டாயம் வேண்டும், இல்லாவிட்டால் யாருடைய இடத்துக்குள் களவாகப் போகிறோம்?

முதல் லெவல் அணைக்கட்டு. தொடக்கத்தில் ஒரு வளைந்த பாதை, தூரத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும் ஒரு காவலாளி, கையில் சத்தம் வராத பிபி7 கைத்துப்பாக்கி. கொஞ்ச நேரம் சுடாமல் நின்று பாருங்கள். காவலாளி உடம்பைச் சொறிவான், ஈயை விரட்டுவான். தொப்பியைக் குறிவைத்தால் தொப்பி மட்டும் பறக்கும், காலில் பட்டால் காலைப் பிடித்துக்கொண்டு நொண்டுவான். சத்தம் போடும் துப்பாக்கியை எடுத்துச் சுட்டால் அடுத்த பக்கத்தில் நிற்கிறவன் கேட்டுவிட்டு ஓடி வருவான், பிபி7 ஆல் ஒவ்வொருவராக ஆறுதலாக முடித்தால் யாருக்கும் தெரியாமலே அணைக்கட்டின் மேல் வரைக்கும் போய்விடலாம். ஸ்னைப்பர் துப்பாக்கியின் கண்ணாடியால் தூரத்துக் கோபுரத்தில் இருக்கிறவனைப் பெரிதாக்கிப் பார்க்கிறதெல்லாம் 1997இல் வீட்டு கேமில் யாரும் எதிர்பார்க்காத விஷயம்.

கஷ்ட நிலைகளை வைத்த விதமும் எனக்கு மிகவும் பிடிக்கும். சாதாரண ஏஜென்ட் நிலையில் அணைக்கட்டில் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று, விளிம்புக்குப் போய் படத்தில் வருவது போலக் கயிற்றோடு கீழே குதிப்பது. சீக்ரட் ஏஜென்ட் நிலையில் அலாரங்களை எல்லாம் தேடி உடைக்க வேண்டும். 00 ஏஜென்ட் நிலையில் அதோடு மோடம் ஒன்றைப் பொருத்தி, டேட்டாவையும் எடுத்துவிட்டுத்தான் குதிக்கலாம். அதே அணைக்கட்டு, அதே காவலாளிகள், ஆனால் முதல் தரம் ஓடியே கடந்த அறைகளுக்குள் இப்போது நுழைந்து பார்க்க வேண்டி வரும். மற்ற கேம்கள் கஷ்டத்தைக் கூட்டுகிறோம் என்று எதிரிக்கு உயிரை மட்டும் கூட்டிவிடும். இதிலும் அடி பலமாகத்தான் விழும், ஆனால் வேலையும் சேர்ந்து கூடும். ஆய்வுகூட லெவலை 00 ஏஜென்ட் நிலையில் 2 நிமிடம் 5 செக்கனுக்குள் முடித்தால் சாகாவரம் தரும் ஏமாற்று வித்தை ஒன்று திறக்கும். அதிலே டொக்டர் டோக் என்ற விஞ்ஞானி ஒவ்வொரு தரமும் வேறு வேறு இடத்தில் நிற்பார், அவர் தள்ளி நின்றால் நேரம் போச்சு. மாமாவின் மூத்தவன் அதற்காகவே சோத்துக்கும் எழும்பாமல் இருந்தான்.

குறைகளும் இருக்கின்றன. குண்டு வெடித்துப் புகை கிளம்பினால், கேம் முதலில் வந்த நிண்டெண்டோ 64 மெஷினில் படம் அப்படியே தடக்கும். கதாநாயகி நட்டாலியாவைக் காப்பாற்ற வேண்டிய லெவல்கள் பொறுமையைச் சோதிக்கும், நாங்கள் சுடுகிற நேரம் பார்த்து அவர் குறுக்கே வந்து நிற்பார், அவர் செத்தால் மிஷன் தோல்வி. ஸ்விட்சில் கொன்ட்ரோலும் முதலில் கைக்கு வராது, ஏனென்றால் பழைய கொன்ட்ரோலரில் ஒரு ஸ்டிக்தான் இருந்தது. கேம் அமைப்பிலும் ஸ்விட்ச் அமைப்பிலும் மாற்றி வைத்துக்கொண்டால் சரி. 2023 ஜனவரியில் எக்ஸ்பொக்சிலும் வந்த பதிப்பில் இரண்டு ஸ்டிக்கும் ஒழுங்காக வேலை செய்யும், ஆனால் இணையத்தில் மற்றவர்களோடு விளையாடும் வசதி ஸ்விட்சில் மட்டும்தான். ஸ்விட்சுக்குச் சாதாரணச் சந்தா போதாது, நிண்டெண்டோ 64 கேம்கள் சேர்ந்த கூடிய விலைச் சந்தா வேண்டும். அதைக் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

நாலு பேர் ஒரே டிவியை நாலாகப் பிரித்து விளையாடுகிற பகுதியை வேலை முடியப் போகிற நேரத்தில்தான் சேர்த்தார்கள் என்றால் நம்ப முடியாது. இணையம் எதுவும் வேண்டாம், நாலு கொன்ட்ரோலர் இருந்தால் போதும், இரண்டு எங்களிடம் இருந்தது, மற்றதைப் பக்கத்து வீட்டில் கேட்டு வாங்கினோம். "அண்ணா, என்ட பக்கத்தைப் பாக்காதீங்கோ!" என்று சின்னவன் கத்திக்கொண்டே இருந்தான், ஒரே திரையில் இருக்கிற மற்றவனின் கட்டத்தைப் பார்த்தால் அவன் எங்கே ஒளிந்திருக்கிறான் என்று தெரிந்துவிடுமே. ஒட்ஜொப் என்ற வில்லன் பாத்திரத்தைத் தெரிவுசெய்யக் கூடாது என்று முதலிலேயே சட்டம் போட்டுவிடுங்கள், ஆள் கட்டை என்பதால் குறி தப்பும், வீட்டில் சண்டை வரும். கதவோரத்தில் மைன் ஒட்டிவிட்டுக் காத்திருக்கிற விளையாட்டு என்றால் என் ஓட்டு ஆய்வுகூடத்துக்குத்தான்.

சின்னப் பிள்ளைகளுக்குக் காட்டலாமா என்று மாமி கேட்டார். இரத்தம் கொஞ்சம்தான், இருந்தாலும் சுடுகிறதுதான் வேலை, பத்து வயதுக்குக் கீழே என்றால் நான் வேண்டாம் என்பேன். மரியோவை உருவாக்கிய மியமோட்டோவே இதில் கிட்டத்தில் நின்று கொல்வது கூடிவிட்டது என்று கவலைப்பட்டு, கடைசியில் ஆட்டக்காரன் ஆஸ்பத்திரிக்குப் போய் எதிரிகள் எல்லாரோடும் கை குலுக்குவதாக வைத்தால் என்ன என்று ஃபேக்ஸ் அனுப்பினார் என ஹொலிஸ் சொல்லியிருக்கிறார். அப்படி வைக்கவில்லை. பதிலாகப் படத்தில் போல ஒவ்வொரு பாத்திரத்தையும் பெயரோடு அறிமுகம் செய்தார்கள், எல்லாரும் நடிகர்கள்தான் என்று சொல்வதற்காக.

அடுத்ததாக நான் சொல்லும் கேம் எவ்ரிதிங் ஓர் நத்திங். எந்தப் படத்தின் கதையும் கிடையாது, கோல்டன்ஐ படத்துக்குத் திரைக்கதை எழுதிய புரூஸ் ஃபியர்ஸ்டீன் இதற்கென்றே எழுதியது. பியர்ஸ் பிரொஸ்னன், ஜூடி டென்ச், ஜோன் கிளீஸ் எல்லாரும் சொந்தக் குரல், வில்லனுக்கு வில்லம் டஃபோ, தலைப்புப் பாட்டு மாயா. பொண்டுக்குப் பின்னால் இருந்து பார்க்கும் கேம் என்பதால் கோல்டன்ஐ மாதிரி இருக்காது. ஆனால் எப்படி உள்ளே போகலாம் என்பதைப் பல இடங்களில் எங்களிடமே விடுகிறது. சிலந்தி மாதிரி ஒரு சின்ன ரோபோவை ஓட்டைக்குள்ளால் அனுப்பி அந்தப் பக்கம் வெடிக்க வைக்கலாம், கயிறு எறிந்து சுவரால் நடந்து இறங்கலாம், பொண்ட் சென்ஸ் பட்டனை அழுத்தினால் உலகம் மெதுவாகி, சுற்றியிருக்கிற எதைப் பயன்படுத்தலாம் என்று காட்டும். மலையில் இருந்து விழுகிற பெண்ணைப் பிடிக்க அவருக்குப் பின்னாலேயே குதித்து, விழுந்துகொண்டே பாறைகளுக்கு விலகிப் போகிற கட்டம் இருக்கிறதே, அதைப் படத்திலேயே எடுத்திருக்கலாம். இரண்டு பேர் சேர்ந்து விளையாட வேறாக மிஷன்களும் உண்டு.

நைட்ஃபயர் 2002. இதுவும் சொந்தக் கதைதான். பனி கொட்டுகிற ஒஸ்திரிய மலையில் ஒரு கோட்டையில் விருந்து நடக்கும், அதற்குள் நுழைய ஒன்றுக்கு மேல் வழி இருக்கும், அந்த ஒரு லெவலுக்காகவே விளையாடலாம். கூட விளையாட ஆள் கிடைக்காவிட்டால் கொம்பியூட்டர் ஆட்களைச் சேர்த்துக்கொண்டு மோதலாம், கோல்டன்ஐயில் இல்லாத வசதி. ஒன்றைக் கவனியுங்கள்: கொம்பியூட்டருக்கு வந்த நைட்ஃபயர் வேறு நிறுவனம் செய்தது, கார் ஓட்டும் மிஷன்கள் அதில் இல்லை, லெவல்களும் வேறு. பிஎஸ் டூ பதிப்பைத்தான் தேட வேண்டும்.

2005இல் வந்த ஃப்ரொம் ரஷ்யா வித் லவ் கேமை ஷோன் கொனரியின் குரலுக்காகக் கேட்கலாம். 1963 படத்தின் இளம் முகம், எழுபது தாண்டிய குரல், இரண்டும் ஒட்டவில்லை. ஆனாலும் அவரே திரும்ப வந்து பொண்டாகப் பேசினார் என்பது எனக்குப் பெரிய விஷயம். விளையாட்டு பரவாயில்லை, அவ்வளவுதான்.

அப்புறம் பொண்ட் கேம் செய்யும் உரிமை அக்டிவிஷன் நிறுவனத்திடம் போனது, அதோடு சரிவு. 2008 குவொன்டம் ஒஃப் சொலஸ், கோல் ஒஃப் டியூட்டி 4இன் எஞ்சினில் செய்தது, சுடும்போது கைக்கு நல்லாத்தான் இருக்கும், ஆனால் பொண்ட் எங்கே? ஒரு நடைபாதை, ஒளிந்து சுடு, அடுத்த நடைபாதை. படத்தின் காட்சிகளை ஒன்றுக்குப் பின் ஒன்றாக வைத்துவிட்டு எங்களை அதற்குள்ளால் தள்ளிக்கொண்டு போகிறது. 2012இல் வந்த 007 லெஜன்ட்ஸ் அதைவிட மோசம். கோல்ட்ஃபிங்கர், மூன்ரேக்கர் என்று வேறு வேறு காலத்துப் படங்களை எல்லாம் டேனியல் கிரெய்க்கின் முகத்தை ஒட்டிக் கலந்து அடித்திருக்கிறார்கள், குரல்கூட அவருடையது இல்லை. ஐம்பது வருடப் படங்களைக் கொண்டாட என்று செய்தது. அந்தப் படங்களைப் பார்த்து வளர்ந்தவனுக்குக் கோபம்தான் வரும். செய்த யூரோகொம் நிறுவனம் அதே வருடம் மூடப்பட்டது, நைட்ஃபயரைச் செய்ததும் அவர்கள்தான் என்று நினைக்கக் கவலையாக இருக்கிறது. 2010இன் பிளட் ஸ்டோன் இவற்றுக்குள் பரவாயில்லை, கார் ஓட்டும் பகுதிகள் திறம். கதை பாதியில் நிற்கும், தொடர்ச்சி வரவே இல்லை.

புதிதாக ஃபர்ஸ்ட் லைட். ஹிட்மன் கேம்களைச் செய்த டென்மார்க் நிறுவனம் ஐஓ இன்டராக்டிவ் 2020இல் அறிவித்தது, 2026 மார்ச் 27 என்று முதலில் திகதி குறித்து அப்புறம் மே 27க்குத் தள்ளினார்கள். இளம் பொண்ட், சொந்தக் கதை. ஹிட்மன் செய்த ஆட்களுக்கு ஒரு மாளிகையை முழுதாகக் கட்டிவிட்டு, எப்படி நுழைவது என்பதை எங்களிடம் விடத் தெரியும், அதனால்தான் எனக்கு எதிர்பார்ப்பு. டவுன்லோட் எவ்வளவு வரும் என்பதுதான் இங்கே இருக்கிற எங்களுக்குக் கவலை. கோல்டன்ஐ கார்ட்ரிஜ் முழுவதும் 12 மெகாபைட், இந்தக் காலத்துப் பெரிய கேம் ஒன்றை இறக்கினால் மாத டேட்டா பக்கேஜே காலி.

அக்டிவிஷன் காலத்துக் கேம்களை 2013 தொடக்கத்திலேயே இணையக் கடைகளில் இருந்து எடுத்துவிட்டார்கள். பிஎஸ் டூ கேம்களும் பழைய டிஸ்க்காகத்தான் கிடைக்கும். டவுனில் ஒரு கடையில் நான் வாங்கிய எவ்ரிதிங் ஓர் நத்திங் டிஸ்க், நியூ ஓர்லியன்ஸ் வந்ததும் அப்படியே நின்றுவிடும், மாற்றித் தரவும் மறுத்துவிட்டார்கள். ஆகவே வெளிச்சத்தில் பிடித்து டிஸ்க்கின் அடிப்பக்கத்தைப் பாருங்கள், மெஷின் நிற்கிற கடை என்றால் அங்கேயே போட்டு இரண்டு மிஷனாவது ஓட்டிப் பாருங்கள், மெமரி கார்டில் இடம் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.