கெர்னல் பூட் செய்திகளைப் படிக்க ஒரு சீரியல் கேபிள்: கிருஷ்ணகிரியில் வாங்கிப் பயன்படுத்திய அனுபவம்

லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலைத் தாமே கம்பைல் செய்து (மூலநிரலிலிருந்து உருவாக்கி) பார்ப்பவர்கள் பலரும் ஒரே இடத்தில் வந்து நிற்பார்கள். கம்பைல் பிழையின்றி முடிந்திருக்கும். கணினியை மறுபடி இயக்கினால் எழுத்துகள் திரை நிறைய ஓடி, "கெர்னல் பேனிக்" (கெர்னல் மேற்கொண்டு இயங்க முடியாமல் நிற்கும் நிலை) என்ற வரியோடு எல்லாம் உறைந்துவிடும். அந்த நிலையில் திரையை மேலே நகர்த்திப் பார்க்க வழியில்லை. கண்ணில் படுவது கடைசிச் சில வரிகள் மட்டுமே. காரணம் அவற்றுக்கு மேலே ஓடி மறைந்திருக்கும். திரையைக் கைப்பேசியில் படமெடுத்தும் வீடியோ எடுத்தும் மூன்று இரவுகள் முயன்ற பிறகே, அந்தச் செய்திகளை இன்னொரு கணினிக்கு அனுப்பிப் பதிவு செய்ய உதவும் யு.எஸ்.பி. சீரியல் கேபிள் ஒன்றை வாங்க முடிவு செய்தேன்.

முன்பு இணையத்தில் வாங்கிய மலிவான கேபிள் நொடிக்கு 115200 பிட் வேகத்தில் எழுத்துகளை விழுங்கியதால், இம்முறை நேரில் பார்த்து வாங்க விரும்பினேன். இப்படிப்பட்ட பொருள்களுக்கு எங்கள் ஊர்க்காரர்கள் வழக்கமாகப் பெங்களூரு எஸ்.பி. ரோட்டுக்குத்தான் பேருந்து ஏறுவார்கள். எனக்கு அது கிருஷ்ணகிரியிலேயே, பெங்களூரு சாலையிலுள்ள ஒரு சிறிய எலக்ட்ரானிக்ஸ் உதிரிபாகக் கடையில் கிடைத்தது. எஃப்.டி.டி.ஐ. நிறுவனத்தின் சிப் கொண்டது, விலை 650 ரூபாய். இந்தச் சிப்புக்கான டிரைவர் லினக்ஸிலேயே இருப்பதால், செய்திகளை வாங்கும் மடிக்கணினியில் தனியாக எதையும் நிறுவ வேண்டியிருக்கவில்லை.

கடைக்காரர் கேட்ட முதல் கேள்வியிலேயே அவருக்கு விஷயம் தெரியும் என்பது புரிந்தது. "எதுல சொருகப் போறீங்க சார், மோடத்துலயா, இன்னொரு கம்ப்யூட்டர்லயா?" கம்ப்யூட்டர் என்றதும், "அப்ப இது மட்டும் பத்தாது. ரெண்டையும் மூணையும் மாத்திப் போடணும், அஞ்சு நேராப் போகணும்" என்று சொல்லிவிட்டு, இரண்டு ஒன்பது பின் பெண் கனெக்டர்களை எடுத்துச் சாலிடர் வைக்கத் தொடங்கினார். ஒரு பக்கம் அனுப்பும் கம்பி மறுபக்கம் பெறும் பின்னுக்குப் போக வேண்டும். ஐந்தாவது பின் தரை இணைப்பு. மூன்றே கம்பிகள்தாம். ஒவ்வொரு முனையையும் மல்டிமீட்டரில் தொட்டு, ஒலி வருவதை எனக்கும் காட்டிய பிறகே கனெக்டரின் மூடியைத் திருகினார். இதற்கு அவர் தனியாக வாங்கியது 120 ரூபாய்.

இனி, கேபிள் செய்த வேலைக்கு வருகிறேன். சோதனைக் கணினியில் மதர்போர்டிலேயே அமைந்த சீரியல் போர்ட் இருக்க வேண்டும், யு.எஸ்.பி. கேபிளை அந்தப் பக்கம் சொருகினால், யு.எஸ்.பி. டிரைவர் எழும் முன் வரும் தொடக்கச் செய்திகள் நேரடியாகக் கிடைக்கமாட்டா. கெர்னல் அமைப்பில் செய்திகளைச் சீரியல் போர்ட்டுக்கு அனுப்பும் சீரியல் கன்சோல் வசதியை மாட்யூலாக (பிறகு ஏற்றப்படும் தனிக் கோப்பாக) வைக்காமல் உள்ளேயே சேர்த்து, கெர்னலுக்குத் தரும் பூட் வரியில் செய்திகளை மறைக்கும் 'கொயட்' என்ற சொல்லை நீக்கி, கன்சோலை முதல் சீரியல் போர்ட்டுக்கு 115200 வேகத்தில் திருப்பினேன். மடிக்கணினியில், சீரியல் வழியே வருவதைக் காட்டிப் பதியும் மினிகாம் என்ற நிரல் ஓடிக்கொண்டிருந்தது. கெர்னலின் பதிப்பு எண் வரும் முதல் வரியிலிருந்து பேனிக் வரை, ஓர் எழுத்தும் சிதையாமல் கோப்பில் பதிவானது.

ரூட் கோப்பு முறைமையை (இயங்குதளம் இருக்கும் பார்ட்டிஷனை) ஏற்ற முடியவில்லை என்ற செய்தியின் முடிவில் "அன்நோன் பிளாக் 0,0" என்றிருந்தது. இதைத் திரையிலும் பார்த்திருந்தேன். நான் பார்க்காதது அதற்கு மேலே இருந்தது: கெர்னல் தான் கண்ட பார்ட்டிஷன்களைப் பட்டியலிடும் இடத்தில் வட்டின் பெயரே இல்லை. தொடக்கத்தில் தேவைப்படும் டிரைவர்களைக் கொண்ட இனிட்ராம்எஃப்எஸ் கோப்பை விரிப்பதாக வரவேண்டிய வரியும் பதிவில் எங்கும் இல்லை. பூட் பார்ட்டிஷனில் இடம் நிரம்பியதால் அந்தக் கோப்பு உருவாகவே இல்லை. சாட்டா வட்டுக்கான ஏ.ஹெச்.சி.ஐ. டிரைவரோ மாட்யூலாக அதற்குள்தான் இருந்திருக்க வேண்டும்.

இடத்தைக் காலி செய்வதற்குப் பதிலாக டிரைவரைக் கெர்னலுக்குள்ளேயே சேர்த்துக் கம்பைல் செய்தேன். மறுபடியும் பேனிக், ஆனால் இம்முறை எண்கள் 8,1 என்று மாறியிருந்தன. எட்டு என்பது சாட்டா வட்டுகளும் சேரும் ஸ்கஸி வட்டு வகை, ஒன்று என்பது முதல் பார்ட்டிஷன். வட்டு கிடைத்துவிட்டது என்பதற்கு அதுவே சான்று. முயன்று பார்த்த கோப்பு முறைமைகளின் பட்டியலில் என் பார்ட்டிஷன் பயன்படுத்தும் இ.எக்ஸ்.டி.4 இல்லாததைப் பார்த்ததும் மீதியும் விளங்கியது. அதையும் உள்ளே சேர்த்த பிறகு லாகின் வரி வந்தது. திரையை மட்டும் நம்பியிருந்தால் இரண்டு பேனிக்கும் எனக்கு ஏறக்குறைய ஒன்றாகவே தெரிந்திருக்கும்.

குறைகளும் உண்டு. கேபிள் ஒரு மீட்டர் நீளமே இருப்பதால் மடிக்கணினியைச் சோதனைக் கணினியின் பின்னாலேயே வைக்க வேண்டியிருக்கிறது. கனெக்டரின் பக்கத் திருகுகள் முழுதும் இறங்காததால் லேசாக இழுத்தாலும் ஆடுகிறது. வோல்ட்டேஜ் அளவு பற்றி உறையில் ஒரு சொல்கூட இல்லாததுதான் பெரிய குறை. இது அதிக வோல்ட்டேஜில் இயங்கும் ஆர்.எஸ்.232 வகை, ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினி போன்ற 3.3 வோல்ட் போர்டுகளின் பின்களில் நேரடியாக இணைத்தால் போர்டு பழுதாகக்கூடும். அவற்றுக்கு 3.3 வோல்ட் டி.டி.எல். வகை கேபிளைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். அதே கடையில் அதுவும் இருக்கிறது. மூன்று கம்பி இணைப்பை நீளமாக வேண்டும் என்று கேட்டால் அங்கேயே செய்து தருகிறார். நான் மூன்று மீட்டரில் ஒன்று சொல்லி வைத்திருக்கிறேன்.