பீ-பாட் ரோபோ: மழலையர் வகுப்பறைக்கு வாங்கலாமா?

மழலையர் வகுப்பில் டிஜிட்டல் வழிக் கற்பித்தல் என்ற பேச்சு வந்தாலே முதலில் விலை விசாரிக்கப்படுவது சுவரில் மாட்டும் பெரிய தொடுதிரைதான். அடுத்து டேப்லெட். இந்த இரண்டுக்கும் முன்னால் வாங்க வேண்டியது திரையே இல்லாத ஒரு சாதனம் என்பது எங்கள் கருத்து. அதுதான் பீ-பாட். பிரிட்டனின் டிடிஎஸ் நிறுவனத் தயாரிப்பு. மஞ்சளும் கறுப்புமாகத் தேனீ உருவம், முதுகில் 7 பொத்தான்கள், அடியில் சக்கரங்கள். பார்த்தால் சாதாரண பொம்மைதான். 1967-இல் குழந்தைகளுக்காக உருவான லோகோ என்ற கணினி நிரல் மொழியை வைத்துத் தரையில் ஓடவிட்ட ‘ஆமை’ ரோபோக்களின் வழியில் வந்தது என்பது அதை ஓட்டிப் பார்த்தால் புரியும்.

முன், பின், இடம், வலம் என்று 4 அம்புக்குறிகள். நடுவில் ‘கோ’, அதாவது ‘ஓடு’. மீதி இரண்டில் ஒன்று பழையதை அழிக்கும் எக்ஸ் பொத்தான், இன்னொன்று கொஞ்ச நேரம் நிற்கச் சொல்லும் பொத்தான். ஒரு முன் அம்புக்கு 15 செ.மீ. நகரும். அதே அளவுச் சதுரங்கள் போட்ட விரிப்பைத் தரையில் போட்டு அதன் மேல் ஓட்டுவார்கள். இடம், வலம் அம்புகளுக்கு நின்ற இடத்திலேயே 90 டிகிரி திரும்பும். கட்டளைகளை வரிசையாக அழுத்திவிட்டு ‘கோ’வைத் தொட்டால் மொத்தத்தையும் ஓடி முடித்து, கண் சிமிட்டி, ஒலி எழுப்பும். பழைய மாடலில் 40 கட்டளைகள் வரை நினைவில் நிற்கும், புதியதில் 200. இந்த எண்ணைப் பார்த்து எதைத் தீர்மானிக்கவும் வேண்டாம். 5 வயதுக் குழந்தை ஒரே மூச்சில் கொடுக்கும் கட்டளைகள் பத்தைத் தாண்டுவதே அபூர்வம்.

இதன் பலம் ‘கோ’ பொத்தானில் இருக்கிறது. டேப்லெட்டில் தொட்டால் உடனே ஏதாவது நடந்துவிடும். குழந்தை யோசிக்காமல் அடுத்த இடத்தைத் தொடும். பீ-பாட்டில் முதலில் வழி முழுவதையும் மனதில் போட்டுப் பார்க்க வேண்டும். தப்பாகப் போனால், எந்தச் சதுரத்தில் தப்பியது என்று தரையிலேயே தெரிகிறது. ஆசிரியர் ‘தப்பு’ என்று சொல்ல வேண்டிய அவசியமே இல்லை.

இனி கோளாறுகள். வாங்கிய முதல் வாரத்திலேயே “இது சரியாக ஓடவில்லை” என்று அலமாரியில் வைத்துப் பூட்டப்படும் பீ-பாட்களில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் எக்ஸ் பொத்தான்தான். ‘கோ’ அழுத்தி ஓடி முடிந்தாலும் பழைய கட்டளைகள் அழிவதில்லை. அடுத்த குழந்தை மூன்று முறை முன் அம்பை அழுத்தினால், முந்தையவரின் நான்கோடு சேர்ந்து ஏழு சதுரம் ஓடி விரிப்பைத் தாண்டிவிடும். குழந்தைக்கு ஒன்றும் புரியாது, ஆசிரியருக்கும்தான். “முதலில் எக்ஸ், பிறகு அம்பு, கடைசியில் கோ” என்பதைப் பாட்டு மாதிரி எல்லோரையும் சேர்ந்து சொல்ல வைப்பதுதான் வழி. தொடக்கத்தில் அம்பைத் தொடுவதற்கு முன்பே எக்ஸை மட்டும் அழுத்தி அடுத்தவரிடம் கொடுக்கும் விளையாட்டை ஒரு சுற்று நடத்துங்கள். அபத்தமாகத் தோன்றும், பிறகு மாதக்கணக்கில் தொல்லை இல்லை.

அடுத்தது திருப்பம். வலது அம்பை அழுத்தினால் ரோபோ வலப்பக்கச் சதுரத்துக்குப் போய்விடும் என்றுதான் எல்லாக் குழந்தைகளும் நினைப்பார்கள். அது நின்ற இடத்திலேயே திரும்பும், அவ்வளவுதான். பக்கத்துச் சதுரத்துக்குப் போக ‘வலம், முன்’ என்று இரண்டு கட்டளைகள் வேண்டும். இதை வாயால் விளக்கிப் பயனில்லை. தரையில் டேப் ஒட்டிப் பெரிய சதுரங்கள் போட்டு, ஒரு குழந்தையை ரோபோவாக நிற்க வைத்து, மற்றவர்கள் கட்டளை கொடுக்கட்டும். “திரும்பு” என்றால் காலை எடுத்து அடுத்த கட்டத்தில் வைக்கக் கூடாது என்பது உடம்புக்கே பழகிவிடும். பீ-பாட்டைப் பெட்டியிலிருந்து எடுப்பதற்கு முன்பே இந்த விளையாட்டை முடித்துவிடுவது உத்தமம்.

ரோபோ குழந்தையைப் பார்த்தபடி வரும்போது இடமும் வலமும் தலைகீழாகும். பெரியவர்களே இங்கே தடுமாறுவார்கள். குழந்தையை எழுந்து வந்து ரோபோவின் பின்னால் நின்று, அது பார்க்கும் திசையிலேயே பார்க்கச் சொல்லுங்கள். விரிப்பைச் சுவரோரமாகப் போட்டுவிட்டால் இப்படிச் சுற்றி வர இடம் இருக்காது. நாலு பக்கமும் ஒரு குழந்தை நடக்கும் அளவுக்குத் தரை காலியாக இருக்க வேண்டும்.

விலகல் இன்னொரு தொல்லை. பீ-பாட் கோடு பார்த்து ஓடுவதில்லை. சக்கரம் சுற்றிய அளவை நம்பி ஓடுகிறது. வைக்கும்போது 3 டிகிரி சாய்ந்திருந்தாலே 6 சதுரம் தாண்டுவதற்குள் கிட்டத்தட்ட 5 செ.மீ. பக்கவாட்டில் தள்ளிப் போய்விடும். சதுரத்தின் நடுவிலிருந்து ஓரத்துக்கு இருப்பதே 7.5 செ.மீ.தான். ஆகவே புறப்படும் சதுரத்தில் மூக்கு நோக்க வேண்டிய திசைக்கு ஒரு கோடு வரைந்து வையுங்கள். தடித்த கம்பளத்தில் ஓடவிடாதீர்கள். மடித்து வைத்த விரிப்பின் மடிப்புத் தடம்கூட ரோபோவைத் திருப்பிவிடும். விரிப்பைச் சுருட்டித்தான் வைக்க வேண்டும். மேசை மேல் ஓட்டலாமா என்று கேட்பார்கள். ஓரம் வந்தது அதற்குத் தெரியாது. நேராகக் கீழே விழும்.

விரிப்புகளைக் காசு கொடுத்து வாங்காதீர்கள். நிறுவனமே பல படங்களோடு விற்கிறது, அழகாகவும் இருக்கிறது. ஆனால் ஒரு விரிப்பு ஒரு பாடத்துக்குத்தான். அதற்குப் பதிலாக 15 செ.மீ. கட்டம் போட்ட ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாள் ஒன்று போதும். அடியில் எந்தப் படத்தையும் மாற்றி மாற்றி வைக்கலாம். நீங்களே செய்வதானால் கட்டத்தின் அளவில் 2 மி.மீ. கூடத் தவறக் கூடாது. 14.8 செ.மீ. என்று வெட்டினால் ஐந்தாவது சதுரத்தில் 1 செ.மீ. பிழை சேர்ந்து நிற்கும். ஒவ்வொரு கட்டத்தையும் தனித்தனியாக அளக்காமல், ஒரு முனையிலிருந்தே 15, 30, 45, 60 என்று புள்ளி வைத்துக் கோடு போடுங்கள்.

நமக்கு வசதியான ஒரு கணக்கு இருக்கிறது. 12 உயிரெழுத்துகளும் 4×3 கட்டத்தில், அதாவது 60×45 செ.மீ. தாளில், மிச்சமில்லாமல் அடங்கும். குறிலையும் நெடிலையும் பக்கத்துப் பக்கத்தில் வைக்காமல் எட்ட வையுங்கள். ‘அ’விலிருந்து ‘ஆ’வுக்கு ஒரே அம்பில் போய்விட்டால் யோசிக்க ஒன்றுமில்லை. இரண்டு திருப்பமாவது இருக்கட்டும். ஒலியை மட்டும் ஆசிரியர் சொல்லி, குழந்தை எழுத்தைத் தேடி ரோபோவை அனுப்புவது நன்றாக வேலை செய்யும். பிறகு அடியில் வேறு எழுத்துகளை வைத்து, ‘படம்’ என்ற சொல்லுக்கு ‘ப’, ‘ட’, ‘ம்’ மூன்றையும் வரிசையாகத் தொட்டு வர வைக்கலாம். ஒவ்வோர் எழுத்திலும் நிறுத்தப் பொத்தானைச் சேர்த்தால், ரோபோ நிற்கிற இடைவெளியில் வகுப்பே எழுத்தைச் சத்தமாகச் சொல்லும். அந்தப் பொத்தான் எதற்கு என்று கேட்பவர்களுக்கு இதுவே பதில்.

புதிய மாடலில் பொத்தான்களுக்கு நம் குரலைப் பதிவு செய்து வைக்கலாம். “முன்னே போ”, “வலப்பக்கம் திரும்பு” என்று தமிழிலேயே ஒலிக்கும். பார்வைக் குறைபாடு உள்ள குழந்தைக்கு இது பெரிய உதவி. ஆனால் சத்தமான வகுப்பில் பதிவு செய்தால் இரைச்சல்தான் கேட்கும். வகுப்பு முடிந்த பிறகு பதியுங்கள். ஒலியை நிறுத்த அடியில் தனி சுவிட்ச் உண்டு. ஒரே அறையில் மூன்று ரோபோ ஓடும்போது அதன் அருமை தெரியும்.

பீ-பாட்டின் உண்மையான குறை, கொடுத்த கட்டளைகளை அது காட்டாது என்பது. ஏழு பொத்தான் அழுத்தியதில் நான்காவது தப்பு என்றால், அதை மட்டும் மாற்ற வழியில்லை. அழித்துவிட்டு முதலிலிருந்து அழுத்த வேண்டும். ஆகவே அம்புக்குறி அட்டைகள் இல்லாமல் இதை நடத்தவே கூடாது. குழந்தைகள் முதலில் அட்டைகளைத் தரையில் வரிசையாக அடுக்க வேண்டும். ஒருவர் அட்டையைத் தொட்டுச் சொல்லச் சொல்ல இன்னொருவர் அழுத்த வேண்டும். ஓடும்போது மூன்றாமவர் ஒவ்வோர் அசைவுக்கும் ஓர் அட்டையைக் கவிழ்த்துக்கொண்டே வருவார். ரோபோ வழிதவறும் கணத்தில் கையில் இருக்கும் அட்டைதான் பிழை. அதை மாற்றிவிட்டு மறுபடி ஓட்டலாம். நான்காமவர் ரோபோவைப் புறப்படும் கோட்டில் நேராக வைப்பார். ஐந்தாவது குழந்தைக்கு வேலை இல்லை. வேலை இல்லாத குழந்தை ரோபோவைத் தூக்கும். அதனால் குழுவுக்கு நான்கு பேருக்கு மேல் வேண்டாம்.

இந்தக் குறையை இதே நிறுவனத்தின் புளூ-பாட் தீர்க்கிறது. உள்ளிருக்கும் பாகங்கள் தெரியும் கண்ணாடி மாதிரி மேலோடு, அதே 15 செ.மீ. நடை, கூடவே புளூடூத். டேப்லெட்டில் கட்டளை வரிசை தெரியும்; இடையில் ஒன்றை மட்டும் மாற்றலாம், 45 டிகிரி திருப்பமும் கொடுக்கலாம். ஆனால் டேப்லெட் வந்ததும் குழந்தைகளின் கண் தரையை விட்டுத் திரைக்குப் போய்விடுகிறது. 4 வயதுக்கு பீ-பாட்டும் அட்டையும் போதும். புளூ-பாட்டையே வாங்கி முதல் வருடம் புளூடூத்தைத் தொடாமல் பொத்தான்களால் மட்டும் ஓட்டுவதும் நல்ல யோசனை.

பிறகு திரைக்குப் போவதானால் ஸ்கிராட்ச் ஜூனியர். 5 முதல் 7 வயது வரையுள்ளவர்களுக்காக அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகமும் எம்ஐடியும் சேர்ந்து உருவாக்கி 2014-இல் வெளியிட்ட இலவச ஆப். கட்டளைத் துண்டுகளைக் கோத்துத் திரையில் உள்ள பூனை போன்ற உருவங்களை நகர்த்தலாம். கட்டளைத் துண்டுகளில் எழுத்தே கிடையாது, படம்தான். படிக்கத் தெரியாத குழந்தையும் பயன்படுத்தலாம். விளம்பரம் இல்லை, நட்சத்திரம் கொடுத்துக் குழந்தையை இழுத்துப் பிடிக்கும் வித்தையும் இல்லை. இந்த வயதுக்கான ஆப்களில் இது அரிது. பீ-பாட் பழகியவர்கள் ஓர் இடத்தில் முட்டிக்கொள்வார்கள்: பீ-பாட் தன் மூக்குத் திசையில் போகும், ஸ்கிராட்ச் ஜூனியரில் பூனை எந்தக் கோணத்தில் சாய்ந்திருந்தாலும் ‘வலம்’ என்றால் திரையின் வலப்பக்கம்தான். இங்கே ‘திரும்பு’ என்பது உருவத்தைச் சுழற்ற மட்டும். 12 கொடுத்தால் முழுச் சுற்று. இதைச் சொல்லாமல் விட்டால் குழந்தைகள் ‘திரும்பு, போ’ என்று கோத்துவிட்டுப் பூனை சொன்னபடி கேட்கவில்லை என்பார்கள்.

ஸ்கிராட்ச் ஜூனியரில் குழந்தைகள் செய்தது அந்தந்த டேப்லெட்டுக்குள்ளேயே இருக்கும். ஆப்பை நீக்கினால் அதுவும் போச்சு. டேப்லெட்டுகளுக்கு எண் ஒட்டி, ஒரு குழந்தைக்கு எப்போதும் ஒரே எண் என்று வையுங்கள். முதல் முறை மைக் அனுமதி கேட்கும்போது யாராவது ‘வேண்டாம்’ என்று தட்டிவிட்டால் குரல் பதிவு வேலை செய்யாது. செட்டிங்ஸில் போய்த் திறக்க வேண்டும். கைபேசியில் நடத்த முயலாதீர்கள், துண்டுகள் விரலுக்கு அடங்காது. ஐபேடில் ‘கைடட் ஆக்சஸ்’, ஆண்ட்ராய்டில் ‘ஸ்கிரீன் பின்னிங்’ போட்டுவிட்டால் குழந்தை ஆப்பை விட்டு வெளியே போகாது. 3, 4 வயதினர் உட்கார்ந்தபடி திரை பார்ப்பது நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது, குறைந்தால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2019 வழிகாட்டுதல். வீட்டில் பார்ப்பதும் அதே கணக்கில்தான் என்பதால், வகுப்பில் 10, 15 நிமிடத்துக்கு மேல் போக வேண்டாம்.

பெரிய தொடுதிரை? ஒருவர் தொட, மற்றவர்கள் வேடிக்கை பார்க்கும் சாதனம் அது. கதைப் படம் காட்ட, குழந்தையின் ஓவியத்தைப் பெரிதாக்கிக் காட்ட நல்லது. ஏற்கெனவே இருந்தால், கீழ் விளிம்பு குழந்தையின் இடுப்பளவில் இருக்கும்படி மாட்டுங்கள். பெரியவர் உயரத்தில் மாட்டினால் மேல் பாதி ஆசிரியருக்கு மட்டும்தான். பலவற்றில் தொடுகையை உணர்வது விளிம்புச் சட்டத்தில் ஓடும் அகச்சிவப்புக் கதிர்கள் என்பதால், சாய்ந்த முழங்கையும் தொங்கும் சட்டைக் கையும்கூட விரலாகக் கணக்காகும்.

எத்தனை வாங்குவது? 24 பேர் வகுப்புக்கு 6 பீ-பாட் என்று பெட்டியோடு விற்கிறார்கள், ஒரே நேரத்தில் ஆறையும் சார்ஜ் செய்யும் தட்டும் உண்டு. எங்கள் கணக்கில் 2 போதும், பழுதுக்கு ஒன்று சேர்த்து 3. ஆறு குழுவும் ஒரே சமயம் ஓட்டினால் ஆசிரியரால் ஒன்றைக்கூடக் கவனிக்க முடியாது. இரண்டு குழு ரோபோவோடு இருக்க, மற்றவர்கள் களிமண், கட்டை, புத்தகம் என்று இருக்கட்டும். 20 நிமிடத்தில் மாற்றிக்கொள்ளலாம்.

பராமரிப்பு சுலபம். சக்கர அச்சில் தலைமுடியும் கம்பள நூலும் சுற்றிக்கொள்ளும். ஒரு பக்கம் மட்டும் சுற்றினால் நேராகப் போகாமல் வளைந்து ஓடத் தொடங்கும். வாரம் ஒருமுறை கவிழ்த்துப் பார்த்து இடுக்கியால் எடுங்கள். கொஞ்ச நேரம் தொடாமல் இருந்தால் ரோபோ தானே உறங்கிவிடும். ஏதாவது ஒரு பொத்தானைத் தொட்டால் எழும். ஆனால் மாலையில் அடியிலுள்ள சுவிட்சை அணைத்துத்தான் வைக்க வேண்டும். ஓடும் சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்துவதும், தரையில் அழுத்தித் தள்ளுவதும் உள்ளிருக்கும் பல்சக்கரத்தை உடைக்கும். காரைப் போல உருட்டி விளையாடப் பழகிய 3 வயதினரிடம் இதுதான் பெரிய ஆபத்து. அவர்களுக்கு இன்னொரு வருடம் கழித்துக் கொடுங்கள்.