‘எவேட்’ என்று தேடினால் மழுப்பும் அகராதிச் செயலி

மொழிபெயர்ப்பு வேலைக்காக, கைப்பேசியில் இலவசமாகக் கிடைக்கும் ஓர் ஆங்கில–தமிழ் அகராதிச் செயலியைச் சில மாதங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். இணைய இணைப்பு இல்லாமலும் இயங்குகிறது. தேடல் வேகத்தைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் ‘எவேட்’ என்று தேடினால் ‘தவிர், விலகு, தப்பு’ என்று அடுக்கிவிட்டு நின்றுவிடுகிறது. கேள்விக்கு மழுப்புவது, காவலரிடம் பிடிபடாமல் நழுவுவது, பொறுப்பைத் தட்டிக்கழிப்பது ஆகிய அனைத்துக்கும் ஆங்கிலம் இந்த ஒரே வினையைக் கையாள, தமிழ் இடத்துக்கேற்ப வேறு சொல் கேட்கிறது என்பதைச் செயலி எங்குமே காட்டுவதில்லை.

இதைவிடப் பெரிய குறை, ‘டாக்ஸ் எவேஷன்’, ‘டாக்ஸ் அவாய்டன்ஸ்’ இரண்டுக்கும் ‘வரி தவிர்ப்பு’ என்றே தருவதாகும். முன்னது வருமானத்தை மறைத்துச் செய்யும் வரி ஏய்ப்பு. 1961ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டம், 276சி பிரிவில், அதைச் சிறைத்தண்டனைக்குரிய குற்றமாக வைத்தது. பின்னது சட்டத்தின் வரம்புக்குள் நின்று வரியைக் குறைத்துக்கொள்வது. தணிக்கை அறிக்கையை மொழிபெயர்ப்பவர் இந்தச் செயலியை நம்பினால், வரி ஏய்த்தவர் ஒரே சொல்லில் யோக்கியராகிவிடுவார். உச்சரிப்பு ஒலிப்பதிவு மட்டும் தெளிவாக இருப்பதால் பள்ளி மாணவர்களுக்குப் பரிந்துரைக்கலாம்; சட்ட, நிதி ஆவணங்களைக் கையாள்பவர்களுக்கு இது போதாது.