கீட்டோ உணவும் தாழ் சர்க்கரையும்: 14 நாள் சென்சாரை அணிந்து பார்த்த அனுபவம்

ஒன்பது ஆண்டுகளாக எனக்கு இரண்டாம் வகை நீரிழிவு இருக்கிறது. காலையிலும் இரவிலும் நான் விழுங்கிவந்த ஒரே மாத்திரைக்குள் கிளிமெபிரைடு, மெட்ஃபார்மின், வோக்லிபோஸ் ஆகிய மூன்று மருந்துகளும் அடங்கியிருந்தன. நம் ஊரில் பலருடைய மருந்துச் சீட்டிலும் இந்தக் கூட்டைக் காணலாம். சென்ற தை மாதம் சோறு, இட்லி, சப்பாத்தி, பழம் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, நாளொன்றுக்கு 30 கிராமுக்கு மேல் மாவுச்சத்து போகாத, கொழுப்பு மிகுந்த கீட்டோ உணவுக்கு மாறினேன். மாத்திரையைப் பற்றி மருத்துவரிடம் கேட்க வேண்டும் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. மூன்றாம் நாள் மாலையிலேயே கை நடுங்கி, உடம்பெல்லாம் வியர்த்துவிட்டது; சர்க்கரை தாழ்ந்துவிட்டதோ என்ற ஐயத்தில், ஏறத்தாழ 5,000 ரூபாய் கொடுத்து, மேற்கையில் ஒட்டிக்கொண்டால் 14 நாள் சர்க்கரையின் அளவைக் காட்டும் சென்சார் ஒன்றை வாங்கினேன். அதன் குறைகளையும் எழுதப்போவதால் தயாரித்த நிறுவனத்தின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை.

ஒட்டுவது எளிது. ஒரு நாணயத்தைவிடச் சற்றே பெரிய அந்த வில்லையின் அடியில் மயிரிழை போன்ற மெல்லிய இழை ஒன்று தோலுக்குள் செல்கிறது; எறும்பு கடித்த அளவுகூட வலிக்கவில்லை. ஒரு மணி நேரம் கழித்துக் கைப்பேசியை அருகில் கொண்டுபோனால் சர்க்கரையின் அளவும், அது ஏறுகிறதா இறங்குகிறதா என்று காட்டும் அம்புக்குறியும், கடந்த 8 மணி நேரத்தின் கோட்டுப்படமும் திரையில் வந்துவிடுகின்றன. ஆனால் அது அளப்பது இரத்தத்தை அன்று, தோலுக்கடியில் செல்களுக்கு இடையே ஊறியிருக்கும் நீரில் உள்ள குளுக்கோஸை. இரத்தத்தில் நேர்ந்த மாற்றம் அந்த நீரை எட்டச் சில நிமிடங்கள் பிடிக்கும் என்பதால், சர்க்கரை வேகமாக இறங்கும்போது சென்சார் 80 என்று காட்டினால் இரத்தத்தில் அது ஏற்கெனவே 70-க்குக் கீழே போயிருக்கலாம். அம்புக்குறி கீழ்நோக்கி இருந்தால் எண்ணைப் பார்த்து ஆறுதல் அடையக் கூடாது என்பதை நான் இரண்டு நாளில் கற்றுக்கொண்டேன்.

சென்சார் ஒட்டிய பின் வந்த நான்காம் இரவு 2:40 மணிக்குத் தலையணை நனையும் அளவுக்கு வியர்த்து விழித்தேன். சென்சார் 58 என்றது. விரலில் குத்திப் பார்த்தபோது குளுக்கோமீட்டர் 61 என்றது. டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே போனால் தாழ் சர்க்கரை, 54-க்குக் கீழே போனால் அபாயம் என்பது எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும், இத்தனை நாள் பிடித்த விரதம் கெட்டுவிடுமே என்ற நினைப்பில் ஒரு கைப்பிடி பாதாமைத் தின்று, வெண்ணெய் போட்ட காபியையும் குடித்தேன். அரை மணி நேரம் கழிந்தும் சென்சாரின் எண் 60-ஐத் தாண்டவில்லை. பாதாமில் மாவுச்சத்து சொற்பம், கொழுப்போ மிகுதி. கொழுப்பு இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்துவதால், அதற்குப் பின் உண்ணும் இனிப்பும் மெதுவாகவே இரத்தத்தில் சேரும். சாதாரண நாளில் கீட்டோவின் பலமாக இருக்கும் இந்தத் தன்மை அந்த வேளையில் எனக்கு எதிராகத் திரும்பியது. போதாக்குறைக்கு, மாவுச்சத்தைக் குறைத்து உண்பவரின் கல்லீரலில் அவசரத்துக்கு எடுத்துக்கொடுக்கும் சர்க்கரைச் சேமிப்பும் குறைவாகவே இருக்கும்.

அடுத்து வீட்டார் சர்க்கரை கரைத்த தண்ணீரை நீட்டினார்கள். அங்கேயும் ஒரு சிக்கல் இருந்தது. நாம் டீயில் போடும் சர்க்கரையைக் குடலில் உள்ள நொதி உடைத்தால்தான் அதிலிருந்து குளுக்கோஸ் கிடைக்கும். என் மாத்திரையில் இருந்த வோக்லிபோஸின் வேலையே அந்த நொதியைத் தடுப்பதுதான். எனவே அந்த மருந்தை உட்கொள்பவருக்குச் சர்க்கரைத் தண்ணீரை நம்பிக் காத்திருப்பது சரியன்று. உடைக்க வேண்டிய தேவையே இல்லாத குளுக்கோஸைத்தான் தர வேண்டும். மருந்துக்கடையில் கிடைக்கும் சுவையூட்டாத சாதாரண குளுக்கோஸ் பொடியில் 3 தேக்கரண்டி, அதாவது சுமார் 15 கிராம், கரைத்துக் குடித்தேன். 15 நிமிடத்தில் மீட்டர் 84 காட்டியது. சென்சார் அதை எட்ட மேலும் சில நிமிடங்கள் ஆயின. ஏறாமல் இருந்திருந்தால் அதே அளவை மறுபடியும் குடித்திருக்க வேண்டும். அந்த 15 கிராமால் விரதம் கெட்டது உண்மைதான். வெறும் 60 கலோரி, சில மணி நேரத்தில் உடல் பழைய நிலைக்குத் திரும்பிவிட்டது. 5,000 ரூபாய்ச் சென்சாரைவிட அந்தப் பொடிக்கே நான் அதிக மதிப்பெண் கொடுப்பேன். ஒன்று மட்டும் சொல்ல வேண்டும்: நினைவு தப்பியவரின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, உடனே 108-ஐ அழைக்க வேண்டும்.

மறுநாள் அதுவரையிலான கோட்டுப்படங்களை அச்செடுத்து மருத்துவரிடம் காட்டினேன். மூன்று இரவுகளில் ஏறக்குறைய அதே நேரத்தில் கோடு பள்ளத்தில் விழுந்திருந்ததைப் பார்த்தவுடன், "சோற்றை நிறுத்தினீர்கள், சோற்றுக்காகக் கொடுத்த மாத்திரையை நிறுத்தாமல் விட்டீர்களே" என்று கடிந்துகொண்டார். கிளிமெபிரைடு, இரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு இருக்கிறது என்று பார்க்காமல் கணையத்தை இன்சுலின் சுரக்கச் செய்யும் மருந்து. கிளிக்லசைடும் கிளிபென்கிளமைடும் அந்த இனத்தைச் சேர்ந்தவை. மெட்ஃபார்மின் தனியாக இருக்கும்போது சர்க்கரையை இப்படித் தாழ்த்துவது அரிது. கூட்டு மாத்திரையை விலக்கி, மெட்ஃபார்மினை மட்டும் தனியே எழுதிக்கொடுத்தார். அன்றிரவு முதல் அந்தப் பள்ளம் மறைந்தது. இன்சுலின் போட்டுக்கொள்பவர்களும் இப்படிப்பட்ட மாத்திரை உட்கொள்பவர்களும் உணவை மாற்றும் முன்பே மருந்தளவைப் பேசிவிட வேண்டும். எனக்கு அது தலைகீழாக நடந்தது. டாபாகிளிஃபுளோசின், எம்பாகிளிஃபுளோசின் போன்ற, சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும் மாத்திரைகள் உட்கொள்பவர்களுக்கு வேறோர் ஆபத்தும் உண்டு என்றார்: கீட்டோ உணவுடன் சேரும்போது, சர்க்கரை அதிகம் ஏறாமலேயே இரத்தத்தில் அமிலம் மிகுந்துவிடலாம். வாந்தி, வயிற்றுவலி, மூச்சு வாங்குதல் தோன்றினால் சென்சாரில் உள்ள நல்ல எண்ணைப் பார்த்து வீட்டில் இருந்துவிடக் கூடாது.

இனி குறைகள். எட்டாம் இரவு சென்சார் 49 என்று காட்டியது. வியர்வையும் இல்லை, படபடப்பும் இல்லை; மீட்டரில் பார்த்தால் 92. சென்சார் ஒட்டிய கையின் மேலேயே ஒருக்களித்துப் படுத்திருந்தேன். அழுத்தத்தால் அந்த இடத்துக்கு நீரோட்டம் குறைந்து எண் பொய்யாகத் தாழ்ந்துவிட்டது. புரண்டு படுத்த கொஞ்ச நேரத்தில் தானே சரியானது. ஆகவே சென்சார் வாங்கியவர் மீட்டரையும் ஸ்ட்ரிப்பையும் பரணில் தூக்கிப் போட்டுவிடலாம் என்ற விற்பனைப் பேச்சை நம்ப வேண்டாம். நான் வாங்கிய வகையில் அபாய ஒலி கிடையாது. நானாக விழித்துக் கைப்பேசியைக் காட்டினால்தான் எண் தெரியும். இரவில் சர்க்கரை இறங்குபவருக்கு இது பெருங்குறை. ஒலி எழுப்பும் வகை விலை கூடுதலானாலும், இன்சுலின் போடுபவர்கள் அதைத்தான் வாங்க வேண்டும். நம் ஊர் வெயிலில் பத்தாம் நாளே ஒட்டுப்பசை ஓரங்களில் பிரியத் தொடங்கியது. மேலே மருத்துவ ஒட்டுத்துணி சுற்றிக்கொண்டு மீதி நாள்களைக் கழித்தேன். சட்டை மாட்டும்போதும் நிலைப்படியைக் கடக்கும்போதும் கவனம் தேவைப்பட்டது.

எதிர்பாராத நன்மை ஒன்றும் கிடைத்தது. ஆறாம் நாள் பகலில் எழுந்து நின்றவுடன் தலை சுற்றியது. பழைய பயத்தில் குளுக்கோஸ் டப்பாவை நோக்கி ஓடினேன், ஆனால் சென்சாரும் மீட்டரும் நூற்றுக்கு மேல் காட்டின. கீட்டோவின் முதல் வாரங்களில் உடலில் இருந்து உப்பும் நீரும் வழக்கத்தைவிட அதிகம் வெளியேறும். அந்தத் தலைச்சுற்றல் அதனால் வந்தது, உப்புப் போட்ட எலுமிச்சைத் தண்ணீர் குடித்ததும் அடங்கியது. இரத்த அழுத்த மாத்திரை உட்கொள்பவர்கள் உப்பைக் கூட்டும் முன் மருத்துவரைக் கேட்பது நல்லது. நெடுநாள் 250-லும் 300-லும் பழகிய உடம்பு 110-க்கு வந்தாலே நடுங்குவதும் உண்டு என்பதால், அளந்து பார்க்காமல் ஒவ்வொரு நடுக்கத்துக்கும் இனிப்பைத் தின்பவர் கீட்டோவால் ஒரு பயனும் காண மாட்டார். அளக்க வழியே இல்லாத இடத்தில் மட்டும் தாழ் சர்க்கரை என்றே கொண்டு குளுக்கோஸைக் குடித்துவிட வேண்டும்.

மாதம் இரண்டு சென்சார் என்றால் 10,000 ரூபாய். என் வருமானத்துக்கு அது கட்டாது. மருந்தளவு மாறும் அடுத்த முறை மட்டும் ஒன்று வாங்கி ஒட்டிக்கொள்வேன். இப்போது கட்டிலுக்கு அருகில் மீட்டர், குளுக்கோஸ் பொடி, மூடியுள்ள தண்ணீர்ச் செம்பு மூன்றும் இருக்கின்றன. பாதாம் டப்பா சமையலறைக்குப் போய்விட்டது.