எஸ்23 அல்ட்ராவுக்கு அடுத்து எஸ்24 அல்ட்ரா: பதினான்கு மாதம் கழித்து

எங்கள் வீட்டில் இப்போது இரண்டு அல்ட்ரா இருக்கின்றன. 2023-இல் வாங்கிய சாம்சங் கேலக்ஸி எஸ்23 அல்ட்ரா போன் அக்காவிடம் இருக்கிறது. 2024 தீபாவளித் தள்ளுபடியில் வாங்கிய எஸ்24 அல்ட்ரா என்னிடம். பழையதை எக்ஸ்சேஞ்சில் கொடுக்கத்தான் நினைத்திருந்தேன். கடையில் சொன்ன விலையைக் கேட்டதும் மனசு வரவில்லை. ஒரு கீறல்கூட இல்லாமல் வைத்திருந்த போன். "அந்த விலைக்கு அவங்ககிட்ட குடுக்கறதுக்கு எனக்கே குடுடா" என்றாள் அக்கா. கொடுத்துவிட்டேன். அதனால் ஒரு வசதி கிடைத்தது. சந்தேகம் வரும்போதெல்லாம் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிடலாம்.

காகிதத்தில் பார்த்தால் இரண்டும் அண்ணன் தம்பி. அதே 200 மெகாபிக்சல் முதன்மைக் கேமரா, அதே 12 மெகாபிக்சல் அல்ட்ராவைடு, அதே 12 மெகாபிக்சல் செல்ஃபி, அதே 5000 எம்ஏஎச் பேட்டரி, அதே 45 வாட் சார்ஜிங், அதே 6.8 அங்குலத் திரை. எடை 234 கிராமிலிருந்து 232 கிராம் ஆனது. அலுமினியச் சட்டம் டைட்டானியம் ஆனது. ஆனால் நம்மில் யார் பின் கவர் போடாமல் போன் வைத்திருக்கிறோம்? உள்ளே இருக்கும் சிப், ஸ்னாப்டிராகன் 8 ஜென் 2 போய் ஜென் 3 வந்தது. வாட்ஸ்அப், யூபிஐ, மேப்ஸ், யூடியூப் என்று ஓடும் என் நாளில் அந்த வேக வித்தியாசம் எனக்கு ஒருமுறைகூடத் தெரிந்ததில்லை. கேம் விளையாடுபவர்கள் வேறு மாதிரி சொல்லக்கூடும்.

ஆனால் கண்ணாடி வேறு. இந்தப் போனில் உண்மையான மாற்றம் எது என்று கேட்டால் யோசிக்காமல் கண்ணாடி என்பேன்.

எஸ்24 அல்ட்ராவில் வந்தது கொரில்லா ஆர்மர். சாதாரணக் கண்ணாடியைவிடப் பிரதிபலிப்பை 75 சதவீதம் வரை குறைக்கும் என்பது அதைச் செய்யும் கார்னிங் நிறுவனத்தின் கணக்கு. விளம்பரத்தில் படித்தபோது எனக்கு அது உறைக்கவே இல்லை. போன் வந்த மறுநாள் வழக்கம்போலத் திருச்சி சிங்காரத்தோப்பில் ஒரு கடைக்குப் போய் டெம்பர்டு கிளாஸ் ஒட்டச் சொன்னேன். கடைத் தம்பி துடைத்து, தூசி எடுத்து, கிளாஸைப் பாதி ஒட்டியிருந்தான். தலைக்கு மேலே டியூப்லைட் எரிந்துகொண்டிருந்தது. ஒட்டிய பாதியில் அந்த டியூப்லைட் வெள்ளைக் கோடாகப் பளிச்சென்று தெரிந்தது. ஒட்டாத பாதியில் அதே கோடு மங்கிய சாயலாக, இருக்கிறதா இல்லையா என்று தேட வேண்டியதாக இருந்தது. ஒரே திரை, ஒரே விளக்கு. "தம்பி, எடுத்துடு" என்றேன். ஒட்டின கூலியைக் கொடுத்துவிட்டு வெறும் திரையோடு வீட்டுக்கு வந்தேன். அன்றிலிருந்து ஒன்றும் ஒட்டவில்லை. சாவி இருக்கும் பையில் போனைப் போடுவதில்லை, அவ்வளவுதான். பிரதிபலிப்பு குறைக்கும் பூச்சோடு சில கிளாஸ்களும் விற்கிறார்கள், விலை கூட. கட்டாயம் ஒட்டித்தான் ஆக வேண்டும் என்றால் அதைத் தேடிப் பிடியுங்கள். சாதாரண கிளாஸை ஒட்டினால், இந்தப் போனுக்குக் கொடுத்த கூடுதல் காசில் பெரும்பங்கை அந்த நிமிடமே மூடிவிடுகிறீர்கள்.

திருச்சி வெயில் தெரிந்தவர்களுக்கு இதன் அருமை புரியும். அக்னி நட்சத்திரத்தில் மதியம் பன்னிரண்டரைக்கு இளநீர் வண்டி முன்னால் நின்று கியூஆர் ஸ்கேன் செய்துவிட்டு, பணம் போனதா என்று பார்க்கும் வேலை. பழைய போனில் இடது கையால் திரைக்குக் குடை பிடிப்பேன். இதில் நேராகப் படித்துவிடுகிறேன். உச்ச வெளிச்சமும் 1750 நிட்ஸிலிருந்து 2600 ஆகியிருக்கிறது. இருந்தாலும், வெளிச்சம் கூடியதைவிடப் பளபளப்பு குறைந்ததுதான் வெயிலில் கைகொடுக்கிறது என்பது என் அனுபவம். பழையதின் வெளிச்சத்தை முழுக்க ஏற்றி இரண்டையும் சேர்த்துப் பிடித்தாலும், அதில் என் முகமும் பின்னால் நிற்கும் மரமும் தெரிகின்றன.

கண்ணாடியோடு சேர்ந்து இன்னொன்றும் மாறியது. பழையதில் இரு ஓரமும் வளைந்திருக்கும். புதியது தட்டை. பார்க்க வளைவுதான் அழகு, அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் போனுக்குள்ளேயே செருகி வரும் பேனாவான எஸ் பென் வைத்து எழுதுபவர்கள் தட்டையைத்தான் கேட்பார்கள். அக்கா மார்கழி வந்தால் முதல் நாள் இரவே நோட்ஸில் புள்ளி வைத்துக் கோலத்தைப் போட்டுப் பார்த்துவிடுவாள். பதினைந்து புள்ளிக் கோலம் என்றால் கடைசிப் புள்ளிகள் ஓரத்துக்கு வந்துவிடும். வளைவில் பேனா முனை சறுக்கி, சிக்கு வளைய வேண்டிய இடத்தில் கோடு வெளியே இழுத்துக்கொண்டு போகும். என் போனில் அதே கோலத்தை ஓரம் வரை இழுத்துப் பார்த்தவள், திருப்பிக் கொடுக்கக் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டாள். பேனாவில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அதில் உள்ள பொத்தானை அழுத்தினால் தூரத்தில் இருந்தே படம் எடுக்கும். குடும்பப் படத்தில் படம் எடுப்பவனும் நிற்கலாம். அடுத்து 2025-இல் வந்த எஸ்25 அல்ட்ராவில் பேனாவின் புளூடூத்தை எடுத்துவிட்டார்கள், அதோடு இந்த வசதியும் போய்விட்டது. புதிது வந்தால் எல்லாம் கூடத்தான் செய்யும் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

எஸ்24 அல்ட்ராவிலும் அப்படி ஒன்று போனது. அதுதான் எனக்கு மனக்குறை. பழையதில் 10 மடங்கு ஜூமுக்கென்றே தனி லென்ஸ் இருந்தது, 10 மெகாபிக்சல். அதை எடுத்துவிட்டு 5 மடங்குக்கு 50 மெகாபிக்சல் லென்ஸ் வைத்தார்கள். நடுவில் கால் பங்கை வெட்டி எடுத்தால் 10 மடங்கு கிடைத்துவிடும், 12 மெகாபிக்சலுக்குக் குறையாது என்பது கணக்கு. கணக்கு சரிதான். ஆனால் நான் எடுக்கும் படங்கள் கோபுரப் படங்கள்.

ஸ்ரீரங்கம் ராஜகோபுரம் 236 அடி, பதின்மூன்று நிலை. 1987-இல்தான் அதன் பணி முடிந்தது. கோயிலுக்குள் போன் கொண்டுபோகக் கூடாது, அதனால் வெளியே தெற்கு வீதியில் நின்றுதான் எடுப்பேன். காலை ஏழு மணிக்கு மேல் நிலைகளில் வெயில் பக்கவாட்டில் விழும். அந்த நேரத்தில் இரண்டு போனையும் கொண்டுபோய் ஒரே இடத்தில் நின்று எடுத்திருக்கிறேன். 10 மடங்கில் பெரிய வித்தியாசம் இல்லை. நிறம் புதியதில் இயல்பாக இருக்கிறது. 20 தாண்டி 30-க்குப் போகும்போதுதான் விலகுகிறது. உச்சிக் கலசங்களின் கழுத்தில் உள்ள வளையங்கள் பழையதில் தனித்தனியாக நிற்கின்றன. புதியதில் மென்பொருள் அவற்றைத் தேய்த்து வழவழப்பாக்கிவிடுகிறது. மாடக்குழியில் உட்கார்ந்திருந்த கிளியின் கழுத்து வளையமும் அப்படித்தான், பழைய படத்தில்தான் அது வளையம்.

நியாயமாகச் சொன்னால் இதற்கு மறுபக்கமும் உண்டு. பழைய 10 மடங்கு லென்ஸின் துளை எஃப் 4.9, புதிய 5 மடங்கு லென்ஸுடையது எஃப் 3.4. இந்த எண் குறையக் குறைய வெளிச்சம் கூட வரும். புதியதில் இரண்டு மடங்கு உள்ளே வரும், சென்சாரும் பெரிது. அந்தி சாய்ந்தபின் கோபுர விளக்கு போட்டதும் எடுத்தால் புதியதுதான் ஜெயிக்கிறது. கல்யாண மண்டபத்திலும் அப்படியே. நாலாவது வரிசையில் உட்கார்ந்துகொண்டு தாலி கட்டுவதை எடுக்க வேண்டும். 10 மடங்கு வைத்தால் மாப்பிள்ளையின் கைகள் மட்டும்தான் சட்டத்துக்குள் வரும். 3 மடங்கில் கேமராமேன் முதுகும் சேர்ந்து வரும். 5 மடங்கு அதற்கென்றே அளவெடுத்துச் செய்த மாதிரி. மக்கள் அதிகம் எடுப்பது கல்யாணமும் குழந்தைகளும்தான், கோபுரக் கலசம் அல்ல. எந்தக் கணக்கில் அந்த லென்ஸை மாற்றினார்கள் என்று எனக்குப் புரிகிறது. புரிந்தாலும், இருந்த ஒன்றை இழந்த வருத்தம் போகவில்லை.

ஏஐ பற்றி நிறையப் பேசினார்கள். 2024 ஜனவரியில் எஸ்24 வெளியானபோது மேடையில் பாதி நேரம் அதற்கே போனது போல இருந்தது. இரண்டு மாதம் கழித்து மார்ச் கடைசியில் ஒன் யூஐ 6.1 என்ற மென்பொருள் அப்டேட் வழியாக, கேலக்ஸி ஏஐ என்று பெயர் வைத்த அதே வசதிகள் எஸ்23 வரிசைக்கும் வந்துவிட்டன. அதனால் ஏஐக்காக மட்டும் மாற நினைத்திருந்தால், மாறத் தேவையே இருக்கவில்லை. வட்டம் போட்டுத் தேடுவது மட்டும் எனக்குத் தினமும் பயன்படுகிறது, அக்கா போனிலும் அது அப்படியே இருக்கிறது. அழைப்பில் பேசப் பேச மொழிபெயர்க்கும் வசதி 13 மொழிகளோடு வந்தது. இந்திய மொழி என்றால் இந்தி மட்டும்தான். எட்டுக் கோடிப் பேர் பேசும் மொழியைப் பட்டியலில் காணாதது எனக்குச் சுருக்கென்று இருந்தது. படத்தில் வேண்டாததை அழிக்கும் வசதியை வீட்டுப் படங்களில் பயன்படுத்துகிறேன். கோபுரப் படத்தில் குறுக்கே போகும் மின்கம்பியை அழிக்க மட்டும் அதைத் தொடமாட்டேன். கம்பி இருந்த இடத்தை அது தானாக வரைந்து நிரப்புகிறது. அந்த இடத்தில் ஒரு சுதைச் சிற்பத்தின் கை இருந்தால், ஸ்தபதி செய்யாத ஒரு கை வந்து உட்கார்ந்துவிடும். அது எனக்கு உடன்பாடில்லை.

சூட்டைப் பற்றி ஒரு வார்த்தை. உள்ளே சூட்டைப் பரப்பும் தகடு எஸ்23 அல்ட்ராவைவிட 1.9 மடங்கு பெரிதாக்கியதாகச் சொன்னார்கள். மே மாதத்தில் அரை மணி நேரம் வீடியோ எடுத்தால் இரண்டும் சூடாகத்தான் செய்கின்றன, புதியது கொஞ்சம் தாமதமாக. பேட்டரி இரவு வரை தாங்குகிறது, அதுவும் இரண்டிலும் ஒன்றுபோலத்தான். சார்ஜிங்தான் காலத்துக்குப் பின்தங்கியது. அதே ஜனவரியில், ஏறக்குறைய பாதி விலைக்கு வந்த ஒன்பிளஸ் 12-இல் 100 வாட், பெட்டிக்குள்ளேயே சார்ஜர். இதில் 45 வாட், அந்த சார்ஜரையும் தனியாக வாங்க வேண்டும்.

கடைசியில் என்னை வாங்க வைத்தது வேறொன்று. எஸ்23 வரிசைக்கு நான்கு ஆண்ட்ராய்டு பதிப்புகளும் ஐந்து வருடப் பாதுகாப்பு அப்டேட்டும் தருவதாகச் சொன்னார்கள். எஸ்24 வரிசைக்கு இரண்டுமே ஏழு. அறிமுக விலையை வைத்து அப்பா ஒரு நாள் நாளிதழ் ஓரத்தில் கணக்குப் போட்டுக் காட்டினார். 1,24,999 ரூபாயை ஐந்தால் வகுத்தால் வருடத்துக்கு 25,000. 1,29,999-ஐ ஏழால் வகுத்தால் 18,571. "நடுவுல பேட்டரி ஒரு தடவை மாத்துவே, அதையும் சேர்த்துக்கோ" என்றார். சேர்த்தாலும் புதியதுதான் குறைவு. ஆனால் இந்தக் கணக்கு 2031 வரை அதே போனை வைத்திருப்பவனுக்கு மட்டும்தான் பொருந்தும். ஒன்றரை வருடத்தில் மாற்றிய நான் அதைச் சொல்வதற்கு இந்த முறை வைத்திருந்து காட்ட வேண்டும். வைத்திருக்கப் போகிறேன்.

கையில் எஸ்23 அல்ட்ரா இருந்து, நன்றாக ஓடிக்கொண்டிருந்தால், மாற வேண்டாம் என்பேன். தெருவில் வெயிலில் நின்று வேலை பார்ப்பவர் என்றால் மட்டும் ஒருமுறை கடைக்குப் போய், கிளாஸ் ஒட்டாத எஸ்24 அல்ட்ராவை வெளியே கொண்டுவந்து பார்க்கக் கேளுங்கள். எஸ்20, எஸ்21 வைத்திருப்பவர்கள் தயங்க வேண்டியதில்லை.

இது எழுதும்போது மார்கழி. இரவு ஒன்பது மணிக்கு அக்கா என் போனை வாங்கிக்கொண்டு போய்விடுகிறாள், நாளைக்கு வாசலில் போட வேண்டிய கோலத்துக்கு. விடிந்ததும் நான் அவள் போனை எடுத்துக்கொண்டு தெற்கு வீதிக்குக் கிளம்புகிறேன். பனி விலகி, கலசத்தில் முதல் வெயில் படும் அந்தப் பத்து நிமிடத்துக்கு அந்தப் பழைய லென்ஸ் வேண்டியிருக்கிறது.