படகு எஞ்சினுக்கு கார்புரேட்டர்: 18-ஆ, 22-ஆ, 24-ஆ?

“தம்பி, 24 போட்டா படகு பறக்கும்னு எல்லாரும் சொல்றாங்க. போட்டுக் குடுங்க.” மண்டபம் பக்கமிருந்து எஞ்சினோடு பஸ் ஏறி மதுரையில் என் ஷெட்டுக்கு வந்த மீனவர் ஒருவர் கேட்டது இது. 196 சிசி, நான்கு ஸ்ட்ரோக் பெட்ரோல் எஞ்சின். நீளத் தண்டின் முனையில் விசிறி. கொஞ்ச நாளாக இழுவை இல்லை என்றார்.

காற்றையும் பெட்ரோலையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்புவது கார்புரேட்டர். 24 என்பது அதன் தொண்டையின் குறுக்களவு, மில்லிமீட்டரில். அவரிடம் இருந்தது 18. ஆறு மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். ஆனால் காற்று போவது வட்டத்தின் பரப்பு வழியாக. 18-க்கு அது 2.54 சதுர சென்டிமீட்டர், 22-க்கு 3.8, 24-க்கு 4.52. அதாவது 22 ஒன்றரை மடங்கு, 24 ஒன்றே முக்கால் மடங்கு.

சரி, எஞ்சின் எவ்வளவு காற்று கேட்கிறது? இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் அது மூச்சிழுக்கும். நிமிடத்துக்கு 3600 சுற்று ஓடினால், அந்த நிமிடத்தில் 353 லிட்டருக்கு மேல் போகாது, நடைமுறையில் அதைவிடவும் குறைவு. வாசலை அகலமாக்கினாலும் வயிறு அதேதான். பெரிய தொண்டையில் காற்று மெதுவாகப் போகும். அந்தக் காற்றின் வேகம்தான் மெயின் ஜெட் என்ற சிறு துளை வழியே பெட்ரோலை உறிஞ்சுகிறது. வேகம் விழுந்தால் பெட்ரோல் பனிபோலத் தூவாமல் சொட்டாக வரும்.

பைக்கில் கியரைக் குறைத்து இதைச் சமாளிக்கலாம். இந்தப் படகில் கியர் இல்லை. விசிறியின் சுற்று இரண்டு மடங்கானால் அதற்கு வேண்டிய சக்தி கிட்டத்தட்ட எட்டு மடங்கு. எஞ்சின் எப்போதும் மேடேறும் வண்டி மாதிரிதான்.

வாயால் சொன்னால் அவர் நம்பவில்லை. மூன்றையும் எடுத்துக்கொண்டு கார்த்திகை மழைக்கு நிரம்பியிருந்த ஒரு கண்மாய்க்குப் போனோம். அங்கே குத்தகைக்கு மீன் பிடிப்பவர் தன் படகைக் கொடுத்தார்.

24-ஐ மாட்டி ஷெட்டில் முறுக்கியபோது சத்தம் பிரமாதம். தண்ணீரில் விசிறி இறங்கியதும் கதையே வேறு. த்ராட்டிலைச் சட்டென்று திறந்தால் ‘டப்’ என்று கார்புரேட்டர் வழியே இருமி, எஞ்சின் அமுங்கியது. மெயின் ஜெட்டைப் பெரிதாக்கினேன். இருமல் நின்றது, ஆனால் கால் மணி நேரத்தில் பிளக்கில் மை மாதிரி கரி. இந்த அளவு 390 சிசி எஞ்சினுக்கானது.

22 அவ்வளவு மோசமில்லை, முழு வேகத்தில் நன்றாகவே ஓடியது. ஆனால் சுற்று எல்லை மீறாமல் தடுக்கும் கவர்னர் 3600-லேயே பிடித்து வைப்பதால் 18-ஐவிடக் கூடுதலாக எதுவும் கிடைக்கவில்லை. வலை விடும் மெது ஓட்டத்தில் குலுங்கியது. வலை விடும்போது எஞ்சின் நின்றுபோனால் என்ன ஆகும் என்பதை அவருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கேம், சைலன்சர் எல்லாம் மாற்றி, சுற்றை ஏற்றி ஓட்டுபவருக்கு 22 சரி. ஆனால் சுற்றை ஏற்றக் கவர்னரைக் கழற்றினால், பிஸ்டனைத் தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடு உடையும் அபாயம் உண்டு. கரையிலிருந்து தூரம் போகும் படகுக்கு அதை நான் செய்து கொடுக்க மாட்டேன்.

கடைசியில் பழைய 18. அதை மாட்டுவதற்கு முன், பெட்ரோல் தேங்கி நிற்கும் அடிக்கிண்ணத்தைக் கழற்றினேன். உள்ளே இரண்டு சொட்டுத் தண்ணீர், ஓரமெல்லாம் வெள்ளைப் பொடி. ஜெட் துளையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் பாதிதான் தெரிந்தது. இழுவை போன காரணம் இதுதான். இப்போது வரும் பெட்ரோலில் கலந்திருக்கும் எத்தனால் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். கடற்காற்றில் கேட்கவே வேண்டாம்.

சுத்தம் செய்து மாட்டினோம். முழு வேகத்தில் ஓட்டி, அப்படியே அணைத்து, பிளக்கைக் கழற்றிப் பார்த்தோம். நல்ல செங்கல் நிறம். அவர் அதை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, “இதையே வச்சுக்கிறேன் தம்பி” என்றார். இரண்டு நாளுக்கு மேல் படகு கரையில் நின்றால் கிண்ணத்தின் அடி போல்ட்டைத் தளர்த்தி பெட்ரோலை வடித்துவிடச் சொல்லி அனுப்பினேன்.